முன்கூட்டியே செலுத்திய ஸ்தோத்திர காணிக்கை

மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. என் வீட்டில் அடுப்பு எரிவதே அவர்களால்தான். வெளிநாட்டு வணிகப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட வழிகாட்டுவது என் தொழில். மேடான் நகரில், பெத்திசா பக்கம், ஒரு துரியான் பழக்கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். ஜிமேட் பரீட்சையில் எண்ணூறுக்கு எழுநூறு வாங்கியவன் என்னிடம் எதற்கு வருகிறான்? ஐந்நூறு வாங்கியவன்தான் துரியான் வாசத்தைப் பொறுத்துக்கொண்டு படியேறுவான். ஆனால் அவன் தனியாக வருவதில்லை, பெற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறான். என் பொறுமை போவது அங்கேதான்.

ஜோங்கி ஹுத்தாகாவோல் தன் மகள் ரோத்துவாவோடு வந்தபோது படிக்கட்டிலேயே முறை சொல்லிக்கொண்டு ஏறினார். மேடானுக்கும் தாருத்துங்குக்கும் இடையே ஓடும் பேருந்துகளில் பாதி அவருடையவை. நானும் ஹுத்தாகாவோல் குலத்தில் பிறந்தவள் என்பதால் அவருக்கு நான் தங்கை முறை; அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் "இத்தோ" என்றே கூப்பிடுவோம். அவர் மகளுக்கு அத்தை முறை, "நம்போரு". எங்கள் பதாக் சாதியில் முறை சொல்லிவிட்டால் அப்புறம் கறாராகப் பேச முடியாது. அதற்காகத்தான் சொல்வார்கள்.

"இத்தோ! பொண்ணு ஜிமேட்ல ஐந்நூத்தி நாப்பது!" என்றார், ஐந்நூற்று ஐம்பதுக்கு வாங்கியதைப் போல.

"மூணாவது தடவை, நம்போரு," என்றாள் ரோத்துவா. "முதல்ல ஐந்நூத்தி இருபது, அப்புறம் முப்பது, இப்ப நாப்பது."

"பாத்தீங்களா, எழுத எழுத ஏறுது. விடாம எழுதினா எழுநூறு வராமப் போயிருமா?"

"வரும் இத்தோ. ஆனா அப்ப இவ தன் பிள்ளைய பக்கத்துல உட்கார வெச்சு ரெண்டு பேருமா எழுதுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. என் சுவரில் தொங்கிய உலகப் படத்தின் முன்னால் போய் நின்று, சட்டைத் துணி எடுப்பவர் மாதிரி ஐரோப்பாவைத் தடவிப் பார்த்தார். எந்தப் பள்ளி வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பிரான்சில் மோந்த்ரெவால் என்று ஒரு வணிகப் பள்ளி. அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"பேரைப் பாருங்க இத்தோ. கோயில்ல அறிவிப்பு வாசிக்கிற மூப்பர் ஒரு தடவையாவது தடுமாறணும். ரெண்டாந்தடவை வாசிக்கிறப்பதான் சபை நிமிர்ந்து பாக்கும். அப்படிப் பேரு."

பள்ளியைத் தேர்ந்தெடுக்க இப்படி ஓர் அளவுகோலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் என்னிடம் வரும் மற்றவர்கள் சொல்கிற காரணங்களைவிட இது மோசம் என்றும் சொல்ல மாட்டேன்.

ரோத்துவா தானாகவே ஒரு பள்ளியைத் தேடி வைத்திருந்தாள். வட தாய்லாந்தில் ஒரு சிறிய ஊரில், நாம்சாய் வணிகப் பள்ளி. சின்ன விவசாயிகளின் விளைபொருளை உலகச் சந்தையில் விற்பது எப்படி என்பதுதான் அங்கே முக்கியப் பாடம். பாதிப் படிப்பு காப்பித் தோட்டக் கூட்டுறவுகளில் நடக்கும். ஐந்நூற்று நாற்பதைக் கண்டு அவர்கள் முகம் சுளிப்பதில்லை, ஆளை நேரில் விசாரித்துத்தான் எடுக்கிறார்கள். ரோத்துவா நாலு வருஷமாக லிந்தோங் மலையில் விவசாயிகளிடம் காப்பிக்கொட்டை வாங்கும் வேலை பார்க்கிறவள்.

"விலைய யாரோ எங்கேயோ உட்கார்ந்து சொல்றாங்க, நம்போரு. நான் தராசை மட்டும் பிடிச்சிட்டு நிக்கறேன். 'ஏம்மா இந்த வாரம் குறைஞ்சுபோச்சு'ன்னு அவங்க கேக்கறப்ப எனக்குப் பதில் தெரியல. அந்தப் பதிலைத் தெரிஞ்சுக்கத்தான் போகணும்."

என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் எதற்குப் படிக்கப் போகிறாய் என்று கேட்டால், முகத்தைத் திருப்பி அம்மாவைப் பார்ப்பார்கள். இவள் என்னைப் பார்த்தே சொன்னாள். எனக்கு அவளை அங்கேயே பிடித்துப்போயிற்று.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "தாய்லாந்தா? உடம்புக்கு முடியலைன்னா பினாங்குக்கு ஓடறோம். அதனால பினாங்கு வெளிநாடே இல்ல, ஆஸ்பத்திரி. தாய்லாந்து அதுக்கு அடுத்த வார்டு. வெளிநாடுன்னா போயிட்டு வந்தவனுக்கு ஒரு வாரமாவது தூக்கம் கெடணும்."

கடைசியில் இரண்டுக்கும் விண்ணப்பம் போடுவது என்று முடிவாயிற்று. மோந்த்ரெவால் எடுக்கிற பிள்ளைகள் எழுநூறுக்கு மேல் வாங்கியவர்கள், இந்த மதிப்பெண்ணுக்கு வாய்ப்பே இல்லை என்று நான் பட்டவர்த்தனமாகச் சொன்னேன்.

"கடவுளால முடியாதது உண்டா, இத்தோ?"

"கடவுளால முடியும். பள்ளிதான் ஒத்துக்காது."

அவர் அதை யோசித்துக்கொண்டே படியிறங்கினார். அவர் யோசித்தது எனக்கு அப்போதே கலக்கமாகத்தான் இருந்தது.

முடிவு வர இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது, ஞாயிறு ஆராதனையில் மூப்பர் வழக்கம்போல, கிடைத்த நன்மைக்கு நன்றியாகக் கொடுத்த ஸ்தோத்திர காணிக்கைகளை வாசித்தார். புது வீடு கட்டியவர்கள், குழந்தை பெற்றவர்கள், பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டு நலமாகத் திரும்பியவர்கள். பிறகு, "ஜோங்கி ஹுத்தாகாவோல் குடும்பத்தார், தங்கள் மகள் ரோத்துவாவுக்குப் பிரான்ஸ் தேசத்து மோ... மோந்த்... மோந்த்ரெவால் வணிகப் பள்ளியில் இடம் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரமாக" என்று வாசித்தார். சபை நிமிர்ந்து பார்த்தது. ரோத்துவா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் அவரைப் பிடித்தேன். "இத்தோ, முடிவே வரலியே!"

"வரலைதான். கேக்கறவங்களுக்குக் குடுக்கலாமா வேணாமான்னு கடவுள் யோசிப்பார். நன்றியே சொல்லிட்டா? அதுவும் இத்தனை பேர் முன்னாடி? இனிமே குடுக்கலைன்னா யாருக்கு அவமானம்?"

"உங்களுக்கு."

"எனக்கு மட்டுமா?" என்று சொல்லி மேலே வானத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

எங்கள் ஊரில் ஒரு நல்ல செய்தி சபையில் வாசிக்கப்பட்டால் அது ஞாயிற்றுக்கிழமையோடு அடங்காது. திங்கட்கிழமை காலையில் வாழ்த்துப் பூப்பலகைகள் வரத் தொடங்கின. ஆள் உயரத்துக்கு மேல், கட்டில் நீளத்துக்கு, காகிதப் பூவால் எழுத்துக் கோத்த பலகைகள். பேருந்துக் கொட்டகையின் வாசலில் ஆரம்பித்து அடுத்த தெருவின் பல் வைத்தியர் வீடு வரைக்கும் நிறுத்தியிருந்தார்கள். டயர் வியாபாரி அனுப்பிய பலகையில் ரோத்துவாவின் பெயருக்குப் பின்னால் எம்பிஏ பட்டமே போட்டாகிவிட்டது. பேட்டரிக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இரும்புக் கோபுரப் படத்தோடு அதைவிட ஒரு முழம் நீளமாக ஒன்றை அனுப்பினார். பேருந்துகள் வெளியே வர வழியில்லாமல் பயணிகள் பலகைகளுக்கு நடுவே நுழைந்து போய் ஏறினார்கள். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஜோங்கி கை குலுக்கினார்.

இவ்வளவும் நடந்த பிறகு விருந்து வைக்காமல் இருக்க முடியாது. தாய்மாமன் வந்து உலோஸ் என்கிற துணியைப் போர்த்தி ஆசீர்வதிக்க நாள் குறித்தார்கள், ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமைக்கு நாலு நாள் முன்பு மோந்த்ரெவாலிலிருந்து பதில் வந்தது. நாலே வரி, மிகவும் மரியாதையாக, வேண்டாம் என்று. மறுநாள் நாம்சாயிலிருந்து பதில் வந்தது. இடம் உண்டு, கட்டணத்தில் பாதி தள்ளுபடி. திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், செலவுக்குப் பொறுப்பேற்று அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நான் கொட்டகைக்கே போனேன். ஜோங்கி ஒரு பேருந்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரோத்துவா எதிரே நின்றிருந்தாள். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி தயாராக இருந்தது.

"விருந்து நடக்கட்டும். மோந்த்ரெவால்னே இருக்கட்டும். அப்புறமா உடம்பு சரியில்லைன்னு ஒரு வருஷம் தள்ளிப் போட்டாச்சுன்னு சொல்லிக்கலாம். அதுக்குள்ள இவ நாலாவது தடவை எழுதிருவா."

"உடம்புக்கு என்னன்னு சொல்லுவீங்க?" என்றேன்.

"பித்தப்பை. பினாங்குக்கு ஒரு நடை போயிட்டு வந்துட்டா எவனும் கேக்க மாட்டான்."

"என் பித்தப்பைக்கு ஒரு குறையும் இல்லப்பா," என்றாள் ரோத்துவா.

"எனக்குத் தெரியும்மா. ஊருக்குத் தெரியாதுல்ல."

"இத்தோ, கிடைச்ச பள்ளிக்கு அனுப்புங்க. அது நல்ல பள்ளி," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு உயரும்.

"நல்ல பள்ளிதான். நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா வெளியில பாருங்க. அத்தனை பலகையிலயும் என்ன எழுதியிருக்கு? நான் ஒவ்வொருத்தன் கடையா போய், 'எழுத்தை மாத்துப்பா'ன்னு சொல்லவா?"

ரோத்துவா அழவில்லை. "நாலாவது தடவை நான் எழுத மாட்டேன்பா," என்றாள். "திங்கக்கிழமை நீங்க கையெழுத்துப் போடலைன்னா லிந்தோங்குக்கே திரும்பிப் போறேன். அப்புறம் பள்ளிப் பேச்சே நம்ம வீட்டுல வேணாம்." சொல்லிவிட்டுப் பூப்பலகைகளுக்கு நடுவே நடந்து போய்விட்டாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்று அவள் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் விருந்து வேலையைத்தான் கவனிக்கப் போனார்.

சனிக்கிழமை விருந்துக் கூடத்தில் என் தொழிலையும் படிப்பையும் யாரும் மதிக்கவில்லை. குலத்தில் பிறந்த பெண்கள் விருந்தில் வேலைக்காரிகள், அதுதான் வழக்கம். வெளிநாட்டுப் பேராசிரியர்களோடு திரையில் பேசிப் பழகிய நான், ஒரு சாக்கு சின்ன வெங்காயத்தோடு கூடத்தின் பின்வாசலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது. மஞ்சளும் அந்தாலிமான் மிளகும் போட்ட கெண்டை மீன் ஆளுக்கு ஒரு தட்டு என்று வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே ஒலிபெருக்கி ஓயவே இல்லை. பதாக் விருந்தில் ஒலிபெருக்கி ஓய்ந்தால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

பெண் கொடுத்த வீட்டாருக்கு முன்வரிசைப் பாய். அங்கே நடுவில் உட்கார்ந்திருந்தவர் தாய்மாமன் லம்ஹோத் நைங்கோலான், ஓய்வு பெற்ற வட்டார அதிகாரி. வந்ததிலிருந்து நாலு பேரிடம் தன் மகன் சஹாலா ஜெர்மனியில் எஞ்சினியர் படிப்பதைச் சொல்லியிருந்தார். ஐந்தாவதாக, வெங்காயம் உரிக்கிற என்னிடமும் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஜோங்கி அவர் முன்னால் குனிந்து குனிந்து நடந்தார். மைத்துனன் ஓய்வு பெற்றவனானாலும் பெண் கொடுத்த வீட்டுக்காரன். அவன் எதிரில் குரல் தாழத்தான் வேண்டும்.

உலோஸ் போர்த்தும் நேரம் வந்தது. வெங்காயத்தைப் போட்டுவிட்டு நானும் நிலைப்படியில் வந்து நின்றேன். ரோத்துவா பாயின் முன்னால் தலை குனிந்து நின்றாள். பக்கத்தில் அப்பாவும் அம்மாவும். லம்ஹோத் சிவப்பும் கறுப்புமான அந்தத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். வாய்க்கு நேரே ஒருவன் ஒலிவாங்கியை நீட்டினான்.

"லாயே," என்றார் அவர், எங்களில் மைத்துனனை மைத்துனன் கூப்பிடுவது போல. "பள்ளிப் பேரைத் தெளிவாச் சொல்லு. நான் ஜெபத்துல சொல்லணும். பேரு தப்பாப் போச்சுன்னா ஆசீர்வாதம் வேற எவன் வீட்டுக்காவது போய் நிக்கும்."

கூடம் சிரித்தது. ஒலிவாங்கி ஜோங்கியிடம் வந்தது.

பொய் சொல்வது ஜோங்கிக்குப் புதிதல்ல. எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும் வண்டியைக் காட்டி, "இதோ கிளம்பிட்டுது, ஏறுங்க" என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிறவர். ஆனால் தாய்மாமன் உலோஸை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது சொல்கிற பொய், போர்த்திக்கொள்கிற பிள்ளையின் தலையில் விடியும் என்று எங்களில் எல்லோரும் நம்புகிறோம். நானும் நம்புகிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஜோங்கியின் மனைவி ரோஸ்மினா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மோந்த்..." என்றார் ஜோங்கி. நின்றார். மகளைப் பார்த்தார். அவள் நிமிரவே இல்லை. அவர் மூச்சு விடுவது நாலு மூலை ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"அது இல்ல, லாயே," என்றார். "அந்தப் பள்ளி என் பொண்ணை வேணாம்னு சொல்லிருச்சு. செவ்வாக்கிழமையே சொல்லிருச்சு. நான்தான் மறைச்சேன். காணிக்கையும் நான் முந்திக்கிட்டுக் குடுத்ததுதான். அவளுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல. அவளாத் தேடின பள்ளி ஒண்ணு அவளை எடுத்துக்கிட்டுது. தாய்லாந்துல."

பேட்டரிக் கடைக்காரர் தன் கோபுரம் நின்றிருந்த திசையில் ஒரு முறை பார்த்தார். பிறகு முணுமுணுப்பு எழுந்தது. "தாய்லாந்தா?" என்று ஒரு வரிசை கேட்டது, "தாய்லாந்தாம்" என்று அடுத்த வரிசை சொன்னது. லம்ஹோத் இனி உலோஸை மடித்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். கௌரவத்துக்காகவே உயிர் வாழ்கிற மனுஷன்.

அவர் துணியை இறக்கவில்லை.

"சஹாலா ஜெர்மனியில படிக்கல," என்றார்.

அவர் மனைவி எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் பொருட்படுத்தவில்லை. "முதல் வருஷமே விட்டுட்டான். ரொட்டிக் கடையில மாவு பிசையறான். மூணு வருஷமா நான் எஞ்சினியர், எஞ்சினியர்னு சொல்லிட்டுத் திரியறேன். போன் பண்ணா எடுக்கறதில்ல. எப்பவாவது எடுத்தா, 'அப்பா, இன்னிக்கு யார்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க'ன்னு கேக்கறான். அதுக்கு மேல பேச எங்களுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு."

அந்த மனிதரை எனக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. அப்போது எனக்கு நெஞ்சு வலித்தது.

எங்கள் சனம் நெஞ்சுவலியை அதிக நேரம் தாங்காது. பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமி, தாய்லாந்தில் இப்போது பிரமாதமான பள்ளிகள் இருப்பதாகச் சொன்னார். டயர் வியாபாரி, தன் மச்சினன் பையன்கூட அங்கேதான் சேர ஆசைப்பட்டான், பாவம், இடம் கிடைக்கவில்லை என்றார். எந்தப் பள்ளி என்று அவருக்கு இன்னும் தெரியாது. ஒரு சித்தி முறைக்காரி என் காதருகே வந்து, "அங்க எத்தனை மார்க் கேப்பாங்க? எங்க பையன் நானூத்தி எண்பது" என்றாள். திங்கட்கிழமை ஆபீசுக்கு வா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"சரி, அந்தப் பேரைச் சொல்லு, லாயே," என்றார் லம்ஹோத். "கை வலிக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளில் ஜோங்கி அந்தப் பெயரை ஒரு தடவைகூடத் தன் வாயால் சொன்னதில்லை. தாய்லாந்து என்பார், அந்தப் பள்ளி என்பார், உன் பள்ளி என்பார். இப்போது ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நாம்சாய் வணிகப் பள்ளி," என்றார். மகள் பக்கம் திரும்பி, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார். அதுவும் ஒலிபெருக்கியில் போயிற்று.

"சரியாத்தான் சொன்னீங்கப்பா."

"திங்கக்கிழமை வரைக்கும் வேணாம். சாப்பிடறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போடறேன். இத்தோ, பேனா வெச்சிருக்கீங்களா?"

வெங்காயக் கையோடு நின்ற என்னிடம் பேனா இல்லை. சபைப் போதகர் தன்னுடையதைக் கொடுத்தார்.

லம்ஹோத் துணியை ரோத்துவாவின் தோளில் போர்த்தினார். வழக்கமாக அவர் ஆசீர்வாதம் ஒரு பேருந்துப் பயணத்துக்கு நீளும். ஆபிரகாமில் ஆரம்பித்து தன் உத்தியோக காலம் வழியாக ஜெர்மனியில் வந்து முடியும். அன்றைக்கு அவளுடைய இரண்டு தோளிலும் கையை வைத்து, சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

"போயிட்டு வா, ரோத்துவா," என்றார். "படிப்பு வந்தா நல்லது. வரலைன்னாலும், உங்கப்பன் போன் பண்ணா எடு."